படகை ட்ரெய்லரிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதும்: ராம்ப்பில் எவ்வளவு ஆழம் போக வேண்டும்?

மெல்போர்னில் இருக்கும் ஒருவர் 4.8 மீட்டர் நீள அலுமினியப் படகை, 60 ஹெச்பி அவுட்போர்டு மோட்டாரும் ட்ரெய்லரும் சேர்த்துப் பழையதாக வாங்கியிருக்கிறார். படகு ஓட்ட லைசன்ஸ் எடுத்தாயிற்று. தண்ணீரில் ஓட்டுவதில் பயமில்லை, கரையில்தான் பயம் என்கிறார். அவர் கேட்டது மூன்று: ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் விட வேண்டும்? கார் வழுக்கி உள்ளே போய்விடுமா? துணைக்கு மைத்துனர் ஒருவர் மட்டும் இருந்தால் சமாளிக்க முடியுமா?

முடியும். இந்த அளவு படகுக்கு இரண்டு பேர் தாராளம். ஆழத்தைப் பொறுத்தவரை, திரும்ப ஏற்றும்போது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவான ஆழமே போதும். ராம்ப்பில், அதாவது படகு இறக்கக் கரையிலிருந்து தண்ணீருக்குள் போட்டிருக்கும் காங்கிரீட் சரிவில், தடுமாறுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒன்று, ட்ரெய்லரை அளவுக்கு மேல் தண்ணீருக்குள் விட்டிருப்பார்கள். இல்லையென்றால், மேலே சமதளத்தில் முடித்துவிட்டு வர வேண்டிய வேலையைச் சரிவில் நின்று செய்துகொண்டிருப்பார்கள். இந்த இரண்டும் சரியாகிவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

முதலில் உங்கள் ட்ரெய்லர் எந்த வகை என்று பாருங்கள். படகின் அடிப்பாகம் வரிசையான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உருளைகள் மேல் உட்கார்ந்திருந்தால் அது ரோலர் ட்ரெய்லர். நீளவாக்கில் இரண்டு பட்டைகள், மேலே கார்ப்பெட் அல்லது வழவழப்பான பிளாஸ்டிக் போர்த்தியிருந்தால் அது ஸ்கிட் ட்ரெய்லர். ரோலரில் படகு லேசாகத் தள்ளினாலே உருளும். அதனால் ஆழம் குறைவாக இருந்தாலும் இறங்கும், ஏறும். அதே காரணத்தால், சரிவில் நிற்கும்போது முன்கொக்கியை அவசரப்பட்டுக் கழற்றினால் படகு காங்கிரீட்டில் போய் விழும். ஸ்கிட்டில் உராய்வு அதிகம். படகின் பின்பாதி மிதந்தால்தான் நகரும், ஆகவே கொஞ்சம் கூடுதல் ஆழம் தேவை. இணையத்தில் ஒருவர் 'மட்கார்டு முங்கும்வரை விடு' என்பார், இன்னொருவர் 'டயர் பாதி நனைந்தால் போதும்' என்பார். இருவரும் அவரவர் ட்ரெய்லரைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ராம்ப்புக்குப் போகும் முன் ஒரு நாளை ரிவர்ஸ் பழகுவதற்கென்றே ஒதுக்குங்கள். டாண்டினாங் பக்கத்துத் தொழிற்பேட்டைத் தெருக்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும், அது போதும். ஒரு கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் வையுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். இடம், வலம் என்று தலையில் கணக்குப் போட வேண்டாம். ட்ரெய்லர் திரும்ப ஆரம்பித்ததும் உடனே கையைத் திருப்பி அதைப் பின்தொடர வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்: திருப்பிய ஸ்டீயரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார்கள், ட்ரெய்லர் மடங்கிப் போகும். மடங்க ஆரம்பித்தால் பின்னாலேயே சரிசெய்யப் பார்க்காமல் பத்தடி முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழக்கப்பட்டவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

படகு மேலே இருக்கும்போது ட்ரெய்லர் எங்கே போகிறது என்று தெரியும். படகை இறக்கிய பிறகு, வெறும் ட்ரெய்லரோடு திரும்பி வரும்போதுதான் சிக்கல். உயரமான எஸ்யூவியின் பின்கண்ணாடி வழியே அது கண்ணிலேயே படாது, கண்ணாடியில் தெரியும் நேரத்தில் பாதி மடங்கியிருக்கும். அதற்கு ட்ரெய்லரின் பின்முனையில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பிவிசி குழாய் நட்டுவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு கண்ணாடியிலும் ஒவ்வொரு குழாய் தெரியும். ஒன்று மறைந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்த நொடியே தெரிந்துவிடும். படகை ஏற்றும்போது அதே குழாய்கள் வழிகாட்டியாகவும் இருக்கும். இந்த வேலைக்கு ஆகிற செலவுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் எதுவும் எனக்குத் தெரியாது.

பிரேக் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்றிய எடை 750 கிலோவுக்கு மேல் போகும் ட்ரெய்லருக்கு ஆஸ்திரேலியாவில் பிரேக் கட்டாயம். உங்கள் அளவு படகில் மோட்டார், பெட்ரோல், ஐஸ் பெட்டி, ட்ரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லை பக்கத்திலேயே வந்துவிடும். உங்களுடையதில் ஓவர்ரைடு பிரேக் இருக்க வாய்ப்பு அதிகம். கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் நெருக்கும், அந்த நெருக்கத்தில் பிரேக் பிடிக்கும். மேட்டில் ரிவர்ஸ் தள்ளும்போதும் அதே நெருக்கம்தான், அதனால் அப்போதும் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க, ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் கப்ளிங்கில் ஒரு சிறு மடக்குப் பூட்டு இருக்கும். சிலவற்றில் கார் முன்னால் நகர்ந்ததும் தானே விழுந்துவிடும், சிலவற்றில் கையால்தான் எடுக்க வேண்டும். எடுக்க மறந்து ஃப்ரீவேயில் ஏறினால் ட்ரெய்லருக்குப் பிரேக்கே இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்று பொருள்.

வீட்டில் முதல் நாளே மோட்டாரை இயக்கிப் பாருங்கள். மோட்டாரின் அடிப்பாகத்தில் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் இருக்கும். அவற்றின் மேல் 'மஃப்ஸ்' என்கிற இரண்டு ரப்பர் கிண்ணங்களை மாட்டி, தோட்டக் குழாயை இணைத்து, தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே தண்ணீரைத் தள்ளும் சிறு ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்து கெட்டுவிடும். பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து பீச்சிக்கொண்டு தண்ணீர் வர வேண்டும். வந்தால் மோட்டார் குளிர்கிறது. பேட்டரி இறங்கிப் போனதை ராம்ப்பில், பின்னால் ஏழெட்டு வண்டி காத்திருக்கும்போது கண்டுபிடிப்பதைவிட வீட்டு வாசலில் கண்டுபிடிப்பது நல்லது.

எந்த ராம்ப், எந்த நேரம்? விக்டோரியா மாநிலத்தில் பொதுப் படகு ராம்ப்களில் கட்டணத்தை 2019இல் எடுத்துவிட்டார்கள். அதனால் காசைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மெல்போர்னை ஒட்டிய போர்ட் ஃபிலிப் விரிகுடாவுக்கு வாய் குறுகல். அதனால் உள்ளே கடல் மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். பக்கத்திலேயே இருக்கும் வெஸ்டர்ன் போர்ட்டில் அந்த வித்தியாசம் மூன்று மீட்டரை நெருங்கும். அங்குள்ள ஹேஸ்டிங்ஸில் காலையில் நீங்கள் பார்த்த ராம்ப்பும் மதியம் திரும்பி வரும்போது பார்க்கும் ராம்ப்பும் வேறு வேறு. காலையில் தண்ணீருக்கு அடியில் இருந்த பகுதி பச்சைப் பாசியோடு வெளியே கிடக்கும், கார் நிற்க வேண்டிய இடமே அந்தப் பாசிதான். முதல் சில தடவை அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து. போனால், வானிலைத் துறை வெளியிடும் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இறக்கி, மறுபடி அடிமட்டத்துக்கு வற்றும் முன் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள்.

பழகுவதற்குக் கேரம் பக்கத்தில் பேட்டர்சன் ஆற்று ராம்ப் எனக்குப் பிடிக்கும். கூட்டம் அதிகம் வரும் ராம்ப்தான், ஆனால் ஆற்றுக்குள் இருப்பதால் அலை அடிக்காது, வரிசைகள் நிறைய, பக்கத்திலேயே மிதவை மேடைகள். விரிகுடாவின் கிழக்குக் கரையில் திறந்த தண்ணீரைப் பார்த்திருக்கும் ராம்ப்களில் மேற்குக் காற்று கிளம்பினால் அலை நேராக ட்ரெய்லர் மேல் வந்து அடிக்கும். நேரத்தைப் பொறுத்தவரை, வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்னாப்பர் மீன் காலம். அதிலும் நவம்பர் தொடக்கத்தில் மெல்போர்ன் கப் வார இறுதியில் விடியும் முன்பே வரிசை நிற்கும். கற்றுக்கொள்கிறவருக்கான நாள் அது இல்லை. பல ராம்ப்களில் நேரடிக் கேமரா வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்தே கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ராம்ப்புக்கு வந்தாயிற்று. நேரே சரிவுக்குப் போகாதீர்கள். மேலே ஓரமாக, படகைத் தயார் செய்வதற்கென்று ஒதுக்கிய இடம் இருக்கும். அங்கே நிறுத்திவிட்டு முதலில் ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வந்த வண்டி என்றால் வெதுவெதுப்பாக இருக்கும். இந்தச் சூட்டோடு குளிர்ந்த கடல் தண்ணீரில் இறக்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்க சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் பால் போல் வெளுத்துப் போகும், பேரிங் துருப்பிடிக்கும். அப்புறம் ஒரு நாள் சாலையோரத்தில் சக்கரம் கழன்ற ட்ரெய்லரோடு நிற்க வேண்டியதுதான். ஹப் ஆறுவதற்குக் கால் மணி நேரம் போதும். மற்ற வேலைகளுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும்.

அந்தக் கால் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: பின்பக்கம் படகை ட்ரெய்லரோடு கட்டியிருக்கும் ஸ்ட்ராப்பைக் கழற்றுவது, மோட்டாருக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கம்பியை எடுப்பது, தூண்டில், ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் படகில் வைப்பது, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வது, பேட்டரி சுவிட்சைப் போடுவது, பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை அது இறுகும்வரை அமுக்குவது. படகின் மூக்கில் ஏழெட்டு மீட்டர் கயிறும் பின்பக்கம் இன்னொரு கயிறும் கட்டி, படகு மேடையில் இடிக்காமலிருக்க மேடைப்பக்கம் காற்றுப் பந்துகளைத் தொங்க விடுங்கள். காருக்கும் ட்ரெய்லருக்கும் இடையிலான விளக்கு இணைப்பைப் பிடுங்குங்கள். தண்ணீரில் மின்சாரம் போனால் விளக்கும் ஃபியூஸும் போகும். புதிய கார் என்றால் பின்பக்க சென்சாரையும் தானியங்கி பிரேக்கையும் அணைத்துவிடுங்கள். சில கார்கள் பின்னால் இருப்பதைத் தடையாக நினைத்துச் சரிவின் நடுவில் தானே நின்றுவிடும்.

பங் என்று ஒன்று இருக்கிறது, படகின் பின்பக்க அடியில் தண்ணீர் வடிகிற துளையை அடைக்கும் திருகு. சில படகுகளில் ஒன்று, சிலவற்றில் இரண்டு மூன்று. படகைக் கழுவும்போது எடுத்திருப்பீர்கள். அது இல்லாமல் இறக்கினால் படகு தண்ணீரில் நின்றபடியே நிரம்பும். கரையோரத்தில் மூழ்கும் படகுகளுக்கு இதுதான் வழக்கமான காரணம். படகுச் சாவியும் பங்கும் ஒரே கயிற்றில் இருக்கட்டும். பங்கைத் துளையில் திருகாமல் சாவி கைக்கு வராது என்ற ஏற்பாடு, நினைவாற்றலை நம்புவதைவிட எவ்வளவோ மேல். அப்படியும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தால் துளையைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே படகை ட்ரெய்லர் மேல் இழுத்து மேலே கொண்டுபோங்கள். கரையில் தானே வடிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒன்றை மட்டும் கழற்றாதீர்கள்: மூக்கு வளையத்தில் மாட்டியிருக்கும் வின்ச் (கைப்பிடியைச் சுற்றிப் படகை இழுக்கும் கருவி) கொக்கியும் பாதுகாப்புச் சங்கிலியும். சங்கிலி தண்ணீர் விளிம்பில்தான் கழல வேண்டும். கொக்கி, படகின் பின்பக்கம் மிதக்கத் தொடங்கிய பிறகு.

குழந்தைகள் வந்திருந்தால் காரைவிட்டு இறக்கி, ராம்ப்புக்கு வெளியே, வண்டி வராத இடத்தில் நிற்க வையுங்கள். சரிவில் இறங்கும் காரில் ஓட்டுநரைத் தவிர யாரும் இருக்க வேண்டாம். ஓட்டுநர் பக்க ஜன்னலை முழுக்க இறக்கிவிடுங்கள். மைத்துனர் சொல்வது காதில் விழும், கார் நழுவினால் வெளியே வர வழியும் இருக்கும். இருட்டில் இறங்குகிறீர்கள் என்றால் முகப்பு விளக்கை அணைத்துப் பார்க்கிங் விளக்கில் வாருங்கள். உங்கள் முகப்பு விளக்கு கரையைப் பார்த்து நிற்கிறது, பக்கத்து வரிசையில் ரிவர்ஸ் எடுத்து வருகிறவரின் கண்ணில்தான் அது அடிக்கும்.

மெதுவாக இறங்குங்கள். ராம்ப் பொதுவாக எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிற சரிவு, ஏறக்குறைய. ரோலர் ட்ரெய்லர் என்றால் டயர் பாதிக்கு மேல் நனைந்ததும், ஸ்கிட் என்றால் மட்கார்டைத் தண்ணீர் தொட்டதும் நிறுத்திப் பாருங்கள். படகின் பின்பக்கம் லேசாக ஆடினால் போதும். பெரும்பாலான ராம்ப்பில் காரின் பின்சக்கரம் தண்ணீரைத் தொடாமலேயே இது நடக்கும். காலால் பிரேக்கைப் பிடித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் விட்டு, வண்டி நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் பார்க்கில் போட வேண்டும். நேராகப் பார்க்கில் போட்டால் காரும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை முழுவதும் கியர்பாக்ஸில் இருக்கும் சின்னப் பல் ஒன்றின் மேல் தொங்கும். பல கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், அந்தப் பின்சக்கரம் நிற்பதோ ஈரத்தில். ஆகவே முன்சக்கரத்துக்குப் பின்னால், சரிவு இறங்கும் பக்கம், ஒரு கட்டை வையுங்கள். கட்டையில் கயிறு கட்டிவிட்டால் கிளம்பும்போது குனிந்து தேட வேண்டாம்.

இப்போது மைத்துனர் மேடையில் மூக்குக் கயிற்றைக் கையில் பிடித்திருக்க, நீங்கள் சங்கிலியைக் கழற்றி, வின்ச்சைக் கொஞ்சம் தளர்த்தி, கொக்கியை எடுத்துவிட்டுப் படகைத் தள்ளுங்கள். வின்ச் கைப்பிடியைப் பூட்டெடுத்துச் சும்மா சுழல விடாதீர்கள். படகின் எடை பின்னால் இழுக்கும்போது அது விசிறி வேகத்தில் சுற்றும், குறுக்கே வரும் கையை முறிக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. படகு விலகியதும் மைத்துனர் அதை மேடையோரம் கொண்டுபோய்க் கட்டட்டும். நீங்கள் அந்த நிமிஷமே காரை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். மோட்டாரை இறக்குவதும் இயக்குவதும் மேடையில் கட்டிய பிறகு, வரிசையை அடுத்தவருக்கு விட்ட பிறகு. வெளியே போகும்போது மற்ற படகு, மேடை, ஆள் என எதற்கும் 50 மீட்டருக்குள் ஐந்து நாட் (knot, மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பதை லைசன்ஸ் தேர்விலேயே படித்திருப்பீர்கள்.

திரும்ப ஏற்றுவதுதான் கடினமான பாதி, ஆழம் அங்கேதான் விளையாடுகிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் எந்த ராம்ப்பிலும் சமாளிக்கலாம். ட்ரெய்லரை ஆழமாக விட்டால் படகு ரோலர்களுக்கு மேலே மிதக்கும், எதையும் தொடாது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வின்ச்சும் லேசாகச் சுற்றும். ஆனால் அந்த நேரத்தில் படகைப் பிடித்து வைத்திருப்பது காற்றும் அலையும்தான், ட்ரெய்லர் இல்லை. நீங்கள் காரை முன்னால் எடுக்கும்போது தண்ணீர் வடிய வடிய, படகு அப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அப்படியே உட்காரும். மேலே வந்து பார்த்தால் ஒரு சாண் விலகி, ஒரு பக்க ரோலர் மேல் மட்டும் எடை ஏறி நிற்கும். இன்னொன்றும் உண்டு. படகு தண்ணீரில் மட்டமாக மிதக்கிறது, ட்ரெய்லர் சாய்ந்து நிற்கிறது. ஆழத்தில் மூக்கை முன் ரப்பரில் முட்டும்வரை இழுத்திருந்தாலும், சமதளத்துக்கு வந்ததும் இடையே நாலு விரல் இடைவெளி விழுந்திருக்கும்.

ஆகவே பின்பக்கம் கடைசி ரோலர் தண்ணீர் மட்டத்தில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். படகின் மூக்கு வந்ததும் அந்த ரோலரில் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுவிளிம்பு ரோலரின் நடுவில் மாட்டிக்கொண்டது, இனி காற்று அதைத் தள்ளாது. அதன் பிறகு வின்ச்சைச் சுற்றச் சுற்றப் படகு ஒவ்வொரு ரோலராக ஏறி வரும். கை வலிக்கத்தான் செய்யும், அந்த வலி சரியான ஆழத்தின் அடையாளம். சுற்றவே முடியவில்லை என்றால், அல்லது மூக்கு ரோலருக்குக் கீழே போய்ச் சட்டத்தில் இடித்தால், ஆழம் போதவில்லை. காரை ஒரு முழம் பின்னால் விடுங்கள், ஒரு முழம் மட்டும். ஸ்கிட் ட்ரெய்லரில் முதலில் பட்டை முழுவதும் நனையும்படி உள்ளே விட்டு, பிறகு பட்டையின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கு வெளியே தெரியும்வரை முன்னால் வந்து நிறுத்துங்கள். ஈரமான கார்ப்பெட்டில் படகு வழுக்கிக்கொண்டு வரும், காய்ந்ததில் ஒட்டிக்கொள்ளும்.

சரியான ஆழம் ஒருமுறை கிடைத்துவிட்டால், தண்ணீர் தொட்ட இடத்தில் மட்கார்டில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அடுத்த முறை கண்ணாடியில் அந்த டேப்பைப் பார்த்து நிறுத்தலாம். ராம்ப்பின் சரிவு மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். செங்குத்தான ராம்ப்பில் டேப் வரை விட்டால் ட்ரெய்லரின் பின்பக்கம் கூடுதலாக முங்கும், அங்கே டேப்புக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். தட்டையான ராம்ப்பில் இதற்கு நேர்மாறு.

காற்று குறுக்கே அடித்தால் இரண்டு கயிறும் வேலை செய்ய வேண்டும். உங்கள் படகு இலேசானது, பக்கவாட்டுக் காற்றில் பின்பக்கம் ஓடிப்போய்விடும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்து மேடையில் மைத்துனர் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் மூக்கைக் கொக்கியில் மாட்டுங்கள். கொக்கி மாட்டிய பிறகும் அவர் பின்கயிற்றை விடக் கூடாது, படகு பாதி ஏறும்வரை நேராகப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு பேர் போதும் என்று நான் சொன்னது இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டால்தான். இருவரும் வின்ச் பக்கம் வந்துவிட்டால் பின்பக்கத்துக்கு ஆளில்லை.

மோட்டாரின் வேகத்தில் படகை ட்ரெய்லர் மேல் ஓட்டி ஏற்றுகிறவர்களைப் பார்ப்பீர்கள். மூக்கு வந்து இடித்ததும் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கிகளும் கடையில் கிடைக்கின்றன. ஆரம்பத்தில் அதற்குப் போகாதீர்கள். ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் காங்கிரீட் முடியும் இடத்தில் மணலை அரித்துப் பள்ளமாக்கிவிடுகிறது. தண்ணீர் வற்றிய நேரத்தில் ட்ரெய்லரைக் கொஞ்சம் அதிகம் பின்னால் விட்டால் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி, காங்கிரீட் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஆக்ஸலரேட்டரை மிதித்து இழுத்தால் ஆக்ஸில் வளையும். படகு ட்ரெய்லரில் இருந்தால் முதலில் அதை மிதக்க விட்டு விலக்குங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர்களை உதவிக்குக் கூப்பிட்டு ட்ரெய்லரைத் தூக்கி நகர்த்துங்கள். ராம்ப்பில் கேட்டால் மறுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

படகு ஏறிவிட்டது. காரை நகர்த்தும் முன் மூன்று: மூக்கு வளையத்தில் பாதுகாப்புச் சங்கிலியை மாட்டியாயிற்றா, வின்ச்சின் பல்பூட்டு விழுந்திருக்கிறதா, மோட்டார் முழுக்க மேலே தூக்கியிருக்கிறதா. வின்ச் பட்டை பழசாக இருந்தால் சரிவில்தான் அறும், அப்போது படகைப் பிடிப்பது சங்கிலி மட்டுமே. மோட்டாரைத் தூக்காமல் இழுத்தால் அதன் அடியில் இருக்கும் துடுப்பு போன்ற தகடு காங்கிரீட்டில் உரசி உடையும். பிறகு சீராக, அவசரமில்லாமல் மேலே ஏறுங்கள். முன்சக்கரத்தில் இயங்கும் கார் என்றால் சரிவில் எடை முழுக்கப் பின்னால் போய்விடும், முன்சக்கரம் ஈரத்தில் சுழலும். சுழல ஆரம்பித்ததும் காலை எடுத்துவிட்டு, நின்று, இன்னும் மெதுவாக முயலுங்கள். நான்கு சக்கரத்திலும் இயங்கும் வண்டி என்றால் இந்தக் கவலை மிகக் குறைவு. படகு கோணலாக உட்கார்ந்திருந்தால் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்க்காமல், மறுபடி பின்னால் விட்டு, பின்பக்கம் மிதந்ததும் நேராக்கி, திரும்ப இழுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான் அது.

மேலே வந்து ஓரமாக நிறுத்தியதும் பங்கைக் கழற்றித் தண்ணீரை வடிய விடுங்கள், பின் ஸ்ட்ராப்பை இறுக்குங்கள், மோட்டார் முட்டுக் கம்பியை மாட்டுங்கள், விளக்கைச் செருகி எரிகிறதா என்று பாருங்கள். ட்ரெய்லர் சட்டத்தில், ரோலர் இடுக்கில் சிக்கியிருக்கும் கடற்பாசியைப் பிடுங்கி அங்கேயே குப்பையில் போடுங்கள். போர்ட் ஃபிலிப்பில் வட பசிபிக் நட்சத்திர மீனும் ஜப்பானியக் கடற்பாசி ஒன்றும் 1990களில் வந்து வேரூன்றிவிட்டன. அவை இன்னும் போகாத கடல்களுக்கு நம் ட்ரெய்லர் வழியாகப் போகக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மோட்டாரை மஃப்ஸ் மாட்டிப் பத்து நிமிஷம் நல்ல தண்ணீரில் ஓட்டுங்கள். அதே குழாயால் ட்ரெய்லரின் ஸ்பிரிங், பிரேக், ஹப், வின்ச் எல்லாவற்றையும் கழுவுங்கள், சட்டக் குழாய்களின் உள்பக்கத்தையும்தான். உப்பு முதலில் தின்பது படகை இல்லை, ட்ரெய்லரை. மாதம் ஒருமுறையாவது ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகர என்று சத்தம் வந்தாலோ, பிடித்து ஆட்டும்போது ஆடினாலோ, பேரிங்கை மாற்றிவிட்டுத்தான் அடுத்த தடவை போக வேண்டும். உங்கள் அளவுக்குப் பொருந்தும் பேரிங் ஒரு ஜோடி, சீல், கிரீஸ், ஒரு ஸ்பேனர், இவ்வளவும் ஒரு டப்பாவில் காரிலேயே கிடக்கட்டும். பழைய ட்ரெய்லர் என்பதால் முதல் பயணத்துக்கு முன்பே இரண்டு ஹப்பையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.